கொசு அடித்தால் பக்கம் போய்விடுகிறது

தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டாமல் ஒரு மணி நேரம் இருந்துவிட முடியுமா? கொசு விடுமா?

எங்கள் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் போன மாதம் மவுஸைப் பிடுங்கிவிட்டார்கள். கேமரா முன்னால் கையை அசைத்தால் போதுமாம், எதையும் தொட வேண்டாமாம், கிருமி பரவாதாம். வாசலில் அத்தனை பேரும் ஒரே மெஷினில் கட்டை விரல் வைத்துத்தான் அட்டெண்டன்ஸ் போடுகிறோம். அந்தக் கிருமிக்கு மட்டும் லீவு போல.

நேற்று ஒரு பில் ஆஃப் என்ட்ரிக்காக, அதாவது இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவத்துக்காக, இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பார்த்து 18 அயிட்டம் ஏற்றி முடித்தேன். முழங்கையில் ஒரு கொசு. ஓங்கி ஒரு அடி. கொசு தப்பித்தது, திரையில் நிரப்பிய பக்கம் போனது. கையை இடது பக்கம் வீசினால் 'பின்னால் போ' என்று அர்த்தமாம். சேமிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி. தாக்கல் தாமதமானால் முதல் 3 நாளைக்குத் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000. யார் கட்டுவது, கொசுவா?

இந்த மாதிரி மென்பொருள் ஒரு கையில் 21 புள்ளிகளைக் கணக்கு வைத்துப் பின்தொடர்கிறது. கை எங்கே போகிறது என்று தெரியும், எதற்குப் போகிறது என்று தெரியாது. நமக்கோ கை இல்லாமல் பேச்சே வராது. "அண்ணே, எர்ணாவூர்ல லைன் நிக்குது, வண்டியை மணலியிலேயே ஓரங்கட்டுங்க" என்று டிரைவரிடம் போனில் கத்தும்போது கை தானாக மணலிப் பக்கம் நீண்டது. அதைப் 'பெரிதாக்கு' என்று எடுத்துக்கொண்டதோ என்னவோ, திரையில் ஒரு எழுத்து மட்டும் பூசணிக்காய் சைஸில் நிற்கிறது.

சாயங்காலம் தோள்பட்டை கழன்று விழுகிறது. நிமிர்ந்து நிற்கும் டச் ஸ்கிரீன் வந்த காலத்திலேயே இந்த வலிக்கு 'கொரில்லா ஆர்ம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உடல் அசைவைப் பார்த்து கேம் ஆட வைக்கும் கினெக்ட் கேமராவை 2010இல் விட்ட மைக்ரோசாஃப்டே 2017இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆபரேஷன் தியேட்டரில் கிளவுஸைக் கழற்றாமல் ஸ்கேன் படம் பார்க்க வேண்டிய டாக்டருக்கு இது வரம்தான், மறுக்கவில்லை. நான் என்ன கன்டெய்னருக்கு ஆபரேஷனா செய்கிறேன்?

சரி, மவுஸ்தான் இல்லை, ஒரு கொசு பேட்டாவது வாங்கிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். பேட்டைப் பார்த்தால் கேமரா குழம்பிவிடுமாம்.