கல்லூரி விளையாட்டு ஆய்வுப் போட்டியில் பரிசு எந்தக் கட்டுரைக்குப் போகணும்?

நம்ம கொங்குப் பக்கத்துக் கல்லூரிகளில் உடற்கல்வித் துறை நடத்தும் கருத்தரங்குகளில் முதுநிலை மாணவர்கள் வாசிக்கும் கட்டுரைகளை வரிசையாக எடுத்துப் படித்துப் பாருங்க. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. 45 பேர், மூன்று குழு, குழுவுக்கு 15. ஒரு குழுவுக்கு பிளையோமெட்ரிக் என்ற தாவல் பயிற்சி, ஒன்றுக்கு வெயிட் டிரெய்னிங், மூன்றாவது பயிற்சி எதுவும் தராத கன்ட்ரோல் குரூப். 12 வாரம். முன்தேர்வு, பின்தேர்வு, அன்கோவா, ஷெஃபே என்ற புள்ளியியல் சோதனைகள், 0.05 என்ற பிழை வரம்பு. போன வருஷம் கபடி ஆண்கள், இந்த வருஷம் வாலிபால் பெண்கள். முடிவு மட்டும் மாறாது: பயிற்சி செய்த குழு, செய்யாத குழுவைவிட முன்னேறியது.

12 வாரம் தாவிப் பழகிய பையன், பழகாத பையனைவிட உயரம் தாவுவான் என்பது ஆய்வுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். இதில் மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கைடு கொடுத்த தலைப்பு, சீனியர் பைண்டிங் போட்டு வைத்த தீசிஸ், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் கணக்குப் போட்டுத்தரும் ஆள் என்று பாதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. ஆனால் கல்லூரி விளையாட்டு என்ற தலைப்பில் முதுநிலை மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தால், பரிசு கல்லூரியைப் பற்றி ஏதாவது கண்டுபிடித்த கட்டுரைக்குப் போகணும். விளையாடுகிற பிள்ளையின் தாவும் உயரத்தை அளந்தவர்கள் ஏராளம். அந்தப் பிள்ளையை எந்தப் பேச்சு சொல்லிக் கல்லூரிக்குக் கூட்டி வந்தார்கள், அந்தப் பேச்சைக் காப்பாற்றினார்களா என்று தேடியவர்கள் மிகக் குறைவு.

ஃப்ரீ சீட்டைத்தான் சொல்றேன். கபடி, வாலிபால், பாஸ்கெட்பால், தடகளம் ஆடுகிற பிள்ளைகளை பிளஸ் டூ முடிக்கும் முன்பே பார்த்துவைத்து, "ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீ விளையாடுனாப் போதும் கண்ணு" என்று கூட்டி வருவது கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் வட்டாரம் முழுக்க சாதாரணமாக நடப்பது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கும் 500 இடங்களுக்கு எழுதிய விதி இருக்கு. எந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பு என்று பட்டியலும் இருக்கு. தனியார் கல்லூரியின் ஃப்ரீ சீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. பிடி சார் வாய்ச்சொல், நிர்வாகத்தின் தலையாட்டல், அவ்வளவுதான். முட்டி ஜவ்வு கிழிந்து ஒரு வருஷம் கிரவுண்டில் இறங்க முடியாமல் போனால் அந்த வாய்ச்சொல்லுக்கு என்ன ஆகும்? முதுநிலை மாணவர் ஒருவர் எட்டு மாதத்தில் பதில் தேடக்கூடிய, தேட வேண்டிய கேள்வி இது.

அமெரிக்க மாணவர்கள் கல்லூரி விளையாட்டைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், அங்கே ஒப்பந்தம் தாளில் இருப்பது. 1973-ல், அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., நான்கு வருஷ உதவித்தொகையை வருஷா வருஷம் புதுப்பிக்கும் முறையாக மாற்றியது. ஆட்டம் சரியில்லாத பிள்ளையைக் கழற்றிவிட அது வசதியாகப் போனது. பல வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுக்க மறுபடி வழி திறந்தது 2012-ல்தான். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த வரம்பு செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. அங்கே ஆய்வு செய்பவருக்கு விதி, தேதி, தொகை எல்லாம் கையில் இருக்கு. நம்ம மாணவர் அதை முதலில் தாளில் ஏற்றணும். அந்த ஏற்றுகிற வேலையே நல்ல ஆய்வு என்று போட்டி நடத்துபவர்கள் ஒத்துக்கொள்ளணும்.

செய்வது எப்படி? இன்றைக்கு கிரவுண்டில் நிற்பவர்களிடம் கேட்டால் ஆய்வு கெட்டது. நிற்பவர்கள் நிலைத்தவர்கள், அவர்களுக்குச் சொன்ன சொல்லைப் பெரும்பாலும் காப்பாற்றியிருப்பார்கள். இடையில் விலகிப் போனவர்கள் உங்கள் கண்ணுக்குப் படவே மாட்டார்கள். அதனால் நான்கு வருஷத்துக்கு முந்தைய என்ட்ரி ஃபார்மிலிருந்து தொடங்குங்க. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு அனுப்பிய படிவத்தின் நகல் பிடி சார் அறை ஃபைலில் இருக்கும். பெயர், பிறந்த தேதி, படிப்பு, சேர்ந்த வருஷம் எல்லாம் அதில் உண்டு. அணிக்கு 12 பேர், இரண்டு விளையாட்டு, எட்டுக் கல்லூரி என்றால் 192 பெயர். ஒவ்வொரு பெயருக்கும் மூன்றே கேள்வி: பட்டம் முடித்தாரா, கடைசி வருஷம் வரை அணியில் இருந்தாரா, இடையில் நின்றால் எந்த மாதம். 192-ல் 120 பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்றால் மீதி 72 பேரையும் அட்டவணையில் தனி வரியாகப் போடுங்க. அந்த வரியை மறைத்துவிட்டு வெறும் 120-க்கு சதவீதம் போட்டால் நடுவர் அங்கேயே நிறுத்திக் கேட்கணும்.

"ஃப்ரீ சீட் கிடைத்ததா?" என்று ஆம், இல்லை கேள்வி வைக்காதீங்க. எல்லோரும் ஆம் என்பார்கள், ஒன்றும் தெரியாது. கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல் வாடகை, மெஸ் பில், பஸ் கட்டணம், ஷூவும் ஜெர்சியும், போட்டிக்குப் போகும்போது பேட்டா என்று ஏழாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முழுசா, பாதியா, இல்லையா என்று கேளுங்க. பிறகு: யார் சொன்னது, எப்போது சொன்னது, எழுத்தில் உண்டா, நிறுத்தினார்களா, நிறுத்தியபோது என்ன காரணம் சொன்னார்கள். இடையில் விலகியவரிடம் அசல் மதிப்பெண் சான்றிதழைப் பிடித்து வைத்தார்களா என்றும் கேட்கணும். அசல் சான்றிதழைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. ஆகவே இந்தக் கேள்விக்கு வரும் பதிலை விதியோடு நேராக ஒப்பிடலாம்.

பேட்டியைப் பிடி சார் அறையில் எடுக்கவே கூடாது. பக்கத்துப் பேக்கரியில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்தால் பேச்சு வரும். பெண்கள் அணி என்றால் பெண் மாணவர் ஒருவர் போய், "உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு அம்மிணி, அவசரமில்ல" என்று விட்டுப் பிடிக்கணும். கல்லூரி அனுமதிக் கடிதம், நெறிமுறைக் குழு ஒப்புதல், தமிழில் ஒரு பக்க ஒப்புதல் படிவம் மூன்றும் இல்லாமல் ஒலிப்பதிவு செய்யாதீங்க. ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஐந்தாறு மணி நேரம் ஆகும்; 15 பேட்டிக்கு மேல் திட்டமிட்டால் முடிக்க மாட்டீங்க. பெயரை மாற்றினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். "இரண்டாம் ஆண்டு வணிகவியல், இடது ரைடர்" என்று எழுதினாலே 12 பேர் அணியில் யாரென்று தெரிந்துவிடும். ஆண்டு, படிப்பு, ஆடும் இடம் மூன்றில் இரண்டையாவது எடுத்துவிடணும்.

இதே அளவு தேவையான இன்னொரு தலைப்பு காயம். எத்தனை காயம் என்று மட்டும் எண்ணினால் பயனில்லை, எத்தனை முறை ஆடியதில் என்று சேர்த்து எண்ணணும். 20 பேர், வாரம் 5 நாள், 8 வாரம் என்றால் 800 தடவை இறங்கியிருக்கிறார்கள். அதில் மறுநாள் ஆட முடியாமல் செய்த காயம் 6 என்றால், ஆயிரத்துக்கு 7.5. யாராவது வராத நாளைக் கழிக்கணும். பயிற்சியையும் போட்டியையும் தனித்தனியாகப் போடணும். நம்ம பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று இதில் உண்டு. கோயில் திருவிழா இரவு கபடியில் பட்ட காயத்தைப் பையன் கல்லூரியில் சொல்ல மாட்டான், வெளியில் ஆடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும். மறுநாள் பயிற்சியில் பட்டதாகச் சொல்வான். வாரம் ஒருமுறை பெயர் போடாத சீட்டில் "இந்த வாரம் வெளியில் ஆடினாயா" என்று கேட்டால் அணியில் எத்தனை பேர் வெளியில் ஆடுகிறார்கள் என்பதாவது கிடைக்கும். கல்லூரி கணக்கை அதோடு வைத்துப் படிக்கலாம்.

பயிற்சி ஆய்வுதான் செய்வேன் என்பவர்கள் குறைந்தபட்சம் சரியாகச் செய்யுங்க. குழுவுக்கு 15 பேர் என்றால், 80 சதவீத வாய்ப்போடு பிடிபடக்கூடியது ஒரு திட்டவிலக்கத்துக்கும் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) சற்று மேலான வித்தியாசம் மட்டுமே. அரைத் திட்டவிலக்க வித்தியாசத்தைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேணும். அவ்வளவு பேர் கிடைக்காதென்றால் இரண்டு மூன்று கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஒரே ஆய்வைச் செய்யட்டும், போட்டி விதி அதற்கு இடம் தரட்டும். பத்து விஷயத்தை அளந்து பத்தையும் 0.05-ல் சோதித்தால், உண்மையில் ஒன்றுமே மாறாவிட்டாலும் ஏதாவது ஒன்றில் "மாற்றம்" காட்ட ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு இருக்கு. கன்ட்ரோல் குரூப்பை உட்கார வைக்காமல், வழக்கமான பயிற்சியைக் கொடுத்து அதோடு ஒப்பிடுங்க.

ஸ்டாப் வாட்ச் பற்றியும் சொல்லியாகணும். 100 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவது தடகள வழக்கம். கைக்கு அவ்வளவு பிழை. முன்தேர்வுக்கு ஒருவர், பின்தேர்வுக்கு வேறொருவர் வாட்சைப் பிடித்தால் 50 மீட்டரில் வரும் 0.2 நொடி முன்னேற்றம் ஓடியவருடையதா, பிடித்தவருடையதா? அதோடு நமக்குக் காற்று வேறு. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும்; பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் மைதானத்தில் நின்றவர்களுக்கு அதன் வேகம் தெரியும். ஜூன் கடைசியில் எதிர்காற்றில் முன்தேர்வு, செப்டம்பர் கடைசியில் காற்று அடங்கியபின் பின்தேர்வு என்றால் பயிற்சியே இல்லாமல் நேரம் குறையும். விடியற்காலை ஆறு மணிக்கு, இரண்டு திசையிலும் ஓடவிட்டு சராசரி எடுங்க. காற்றுமானி இருந்தால் வாசிப்பைக் கட்டுரையிலேயே போடுங்க.

போட்டிப் பதட்டத்தை அளக்க விளையாட்டு உளவியலாளர் மார்டென்ஸின் ஸ்கேட் (SCAT) வினாத்தாளைப் பயன்படுத்துபவர்கள் நிறைய. அதில் 15 வாக்கியம், மதிப்பெண் 10-க்குத்தான். 1, 4, 7, 10, 13 கணக்கில் வராது. 6-க்கும் 11-க்கும் மதிப்பெண் தலைகீழ். மொத்தம் 10-லிருந்து 30-க்குள் இருக்கணும். கட்டுரையில் சராசரி 34 என்று வந்தால் 15-ஐயும் கூட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

போட்டி நடத்துபவர்களுக்கு: பெயர் மறைத்துத்தான் மதிப்பிடணும். முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் போதாது. கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் இருக்கும், நன்றியுரையில் கைடு பெயர் இருக்கும், ஆய்வு முறையில் "எங்கள் கல்லூரி" இருக்கும். கேள்விக்கு 30, தரவு திரட்டிய விதத்துக்கு 35, பகுப்பாய்வுக்கு 20, எழுத்துக்கு 15 என்று மதிப்பெண் பிரிக்கலாம். மேடையில் பத்து நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கேள்வி. மூலத் தரவுத் தாள்களை மாணவர் கையோடு கொண்டு வரணும். தமிழிலும் கட்டுரை ஏற்கணும்; பேட்டியைத் தமிழில் எடுத்த மாணவர், வீரர் சொன்னதை அதே தமிழில் வைத்து வாதாட உரிமை உள்ளவர்.

அறிவிப்பை ஏப்ரலிலேயே ஒட்டுங்க. ஜூலையில் போட்டிகள் தொடங்கிவிட்டால் பிடி சார் அணியோடு ஊர் ஊராகப் போய்விடுவார், பழைய ஃபைலை எடுத்துத்தர ஆள் இருக்காது. மே மாதம் அனுமதிக் கடிதமும் என்ட்ரி ஃபார்ம் நகலும், ஜூன் முழுக்கத் தேடி அழைப்பது, ஜூலை ஆகஸ்டில் பேட்டி, செப்டம்பரில் தட்டச்சு, டிசம்பரில் கட்டுரை. இதைவிடக் குறைந்த அவகாசம் கொடுத்தால் உங்களுக்கு வருவது மறுபடி அந்த 45 பேரும் 12 வாரமும்தான்.