பிடிப்பதைவிடக் கைமாற்றுவதே மையம்

கற்பனை உயிரிகளைப் பிடித்து வளர்க்கும் வீடியோ விளையாட்டான போக்கிமானின் ஈர்ப்பைச் 'சேகரிக்கும் ஆசை' என்ற ஒன்றிலேயே, அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை அடக்கிவிடுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் பூச்சி பிடித்து வளர்ந்த அதன் படைப்பாளர் சத்தோஷி தாஜிரி, வயல்களும் குளங்களும் கட்டடங்களுக்கு இடம்விட்டு மறைந்ததைக் கண்டவர். அந்த இழப்பிலிருந்தும், கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை இணைக்கும் கேபிள் வழியே பூச்சிகள் ஊர்ந்து செல்வதாக அவர் மனத்தில் எழுந்த காட்சியிலிருந்தும் பிறந்ததே இவ்விளையாட்டு. 1996இல் ஜப்பானில் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வெளியானபோது, சில உயிரிகள் ஒன்றில் மட்டுமே அகப்பட்டன என்பதால், ஒருவர் தனியே எவ்வளவு முயன்றாலும் பட்டியல் நிறைவடையாது. (இரண்டு பதிப்பு விற்கும் வணிகக் கணக்கும் இதில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.) அப்பதிப்புகளில் கடாப்ரா என்ற உயிரி அலகசாம் என்ற அடுத்த வடிவமாக உருமாற வேண்டுமெனில், அதை இன்னொருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், உருமாறிய பின் அது அவருடைய கருவியில்தான் இருக்கும், திருப்பித் தருவது அவர் விருப்பம். சிறுவயதில் என் கடாப்ராவை நண்பனுக்கு அனுப்பிவிட்டு, அவன் அலகசாமைத் திருப்பி அனுப்பும் வரை கேபிள் கழன்றுவிடாமல் விரலால் அழுத்திப் பிடித்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது.