பிளஸ் டூ முடியும் வரை எல்லாம் காத்திருக்குமா?
பிள்ளைகள் படிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையில் "பிளஸ் டூ முடியும் வரை மற்றதெல்லாம் காத்திருக்கலாம்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவும் பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய ஓட்டம் திரும்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என் மகள் பிளஸ் ஒன் முடித்த மே மாதம், சிறப்பு வகுப்புக்கு அனுப்பாமல் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் என் தம்பியிடம் விட்டேன். காம்பில் பால் வடியும் பெங்களூரா ரக மாங்காயைத் தரம் பிரிப்பது, எடை போடுவது, கமிஷனும் கூலியும் கழித்து விவசாயிக்குச் சீட்டு எழுதுவது எல்லாம் அவள் வேலை. விலை விழுந்த ஒரு நாள், பறிப்புக் கூலிக்கே பற்றாத அந்தச் சீட்டை ஒரு பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்ததைச் சொல்லி வீட்டில் அழுதாள். கணக்குப்பதிவியல் அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பிடித்தது, மதிப்பெண்ணும் குறையவில்லை. படிப்போடு இப்படி வெளி வேலையும் பழகுவதைப் பற்றி, அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் "வசதி உள்ளவர்களுக்குத்தான் இதெல்லாம்" என்கிறார். அப்படி இல்லைங்க. அரசு டவுன் பஸ்ஸில் பெண் பிள்ளைக்கு டிக்கெட்கூடக் கிடையாது. பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் இருந்தால் ஏழு நாள் ஊருக்குள் வேலை செய்து பழகலாம். அதற்குக்கூடச் சம்மதக் கையெழுத்துப் போட மறுக்கும் பெற்றோர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.