சாவி, சிதைந்த சொல் அல்ல

போர்த்துகீசியம் என்பது கெட்டுப்போன லத்தீன்தானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். ஏன் என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும்: ‘ஷாவ்’. லிஸ்பனில் வீட்டுச் சாவியை அப்படித்தான் சொல்கிறார்கள். பிரேசிலில் ‘ஷாவி’. நம் சாவியும் அவர்களிடமிருந்து கப்பலேறி வந்ததுதான்.

லத்தீனில் அது ‘கிளாவிஸ்’. இரண்டாம் வேற்றுமையில் ‘கிளாவெம்’. பேச்சில் கடைசி மகரம் உதிர்ந்து ‘கிளாவெ’ ஆனது. இப்போது ‘க்லா, க்லா’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். லகரம் குழைந்து யகரத்தின் பக்கம் சாயும். ‘க்யா’ என்று வந்துவிடும். இத்தாலியர்கள் அங்கேயே நின்றுகொண்டார்கள், அவர்களுக்குச் சாவி ‘கியாவே’. ஸ்பானியர்கள் முன்னால் இருந்த ககரத்தை விட்டுவிட்டார்கள், ‘யாவே’. போர்த்துகீசியர்கள் இரண்டு ஒலியையும் சேர்த்து அழுத்தி ‘ச்சா’ ஆக்கினார்கள், அது பிற்பாடு ‘ஷா’ ஆனது.

ஒரு சொல்லுக்கு மட்டும் இப்படி நடந்திருந்தால் சிதைவு என்று சொல்லலாம், சரி. ஆனால் மழைக்கான ‘புளூவியா’ இன்று ‘ஷுவா’. தீச்சுடருக்கான ‘ஃபிளாம்மா’ இன்று ‘ஷாமா’. கூவி அழைக்கும் ‘கிளாமாரே’ இன்று ‘ஷமார்’. க்ல, ப்ல, ஃப்ல மூன்றும் சொல்லின் தொடக்கத்தில் ஒரே வழியில் போயிருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களும் மீனவர்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஒழுங்கு இது. இதைப் போய்க் கெட்டுப்போனது என்பதா?

அப்புறம், அதே லத்தீன் சொல்லைப் படித்தவர்கள் ஏட்டிலிருந்து இன்னொரு முறை எடுத்தார்கள். அதனால் இசைக்குறிப்பின் தொடக்கத்தில் போடும் அடையாளத்துக்கு ‘கிளாவ்’ என்று பெயர். நம் இலக்கணக் கணக்கில் வாயில் உருமாறி வந்த ‘ஷாவ்’ தற்பவம், ஏறக்குறைய அப்படியே எடுத்த ‘கிளாவ்’ தற்சமம். எனக்கு இதில் தற்பவம்தான் பிடிக்கும். அதில் மக்கள் வாய் பட்டிருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து இறங்கியவர்கள் ‘ஷ’ என்று சொல்லவில்லை, ‘ச்ச’ என்றே சொன்னார்கள். இந்தியின் ‘சாபி’யிலும் மராத்தியின் ‘சாவி’யிலும் அந்த வல்லொலி அப்படியே இருக்கிறது. லிஸ்பன் அதைப் பிற்பாடு மென்மையாக்கிக்கொண்டது. ஆனால் போர்ச்சுகலின் வடகிழக்கில், த்ராஸ்-ஓஸ்-மோன்டிஸ் மலைக் கிராமங்களின் பேச்சில், அந்தப் பழைய ‘ச்ச’ இன்னும் முழுசாக மறையவில்லை.