முழத்துக்கு மேலே ஒரு கட்டைவிரல்

எங்கள் தெரு முனையில் வேப்ப மரத்தடியில் ஒரு அக்கா பூ விற்கிறார். மதுரையில் இது ஒரு செய்தியே இல்லை. நான்கு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் அவரிடம்தான் மல்லிகை வாங்குகிறேன். ஆனால் அவர் அளப்பதை ஒழுங்காகக் கவனித்தது போன வருடம்தான்.

பந்திலிருந்து சரத்தை இழுத்து முழங்கையில் வைத்து, நடுவிரல் நுனி வரை பிடிப்பார். அதுதான் ஒரு முழம். அவர் அங்கே நிறுத்த மாட்டார். விரல் நுனிக்கு அப்பால் இன்னொரு கட்டைவிரல் அகலம் தள்ளித்தான் அடுத்த முழம் தொடங்கும். மூன்று முழம் கேட்டால் மூன்று கட்டைவிரல். கொசுறு என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டேன்.

"கொசுறெல்லாம் இல்ல தம்பி. என் கை கட்டைக் கை. எங்கம்மா கையவிட இம்புட்டுக் கம்மி. அவங்ககிட்டதான் அளக்கப் படிச்சேன்."

சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கனகாம்பரம் அளக்கப் போய்விட்டார். நான்தான் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கடைத் தராசுக்கு அரசாங்க முத்திரை உண்டு. முழங்கைக்கு யார் முத்திரை போடுவது? அவரவர் கைதான் அளவு. கை குட்டையாக இருந்தால் லாபம், கேட்க ஆளில்லை. அந்த அக்கா அந்தக் குறையைத் தானே கண்டுபிடித்து, தன் கைக்காசிலிருந்து அதை நிரப்புகிறார். இத்தனை வருடமும் யாரும் கேட்காமலே.

இது என்னை ஏன் இவ்வளவு உலுக்கியது என்று சொல்ல வேண்டும். என் வேலையும் அளப்பதுதான். சாலை ஒப்பந்த வேலையில் சைட் சூப்பர்வைசர். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு கிராமத்துச் சிமென்ட் சாலைக்கு 15 செ.மீ. தடிமன் போட வேண்டும். டேப்பை வைத்துப் பார்த்தேன், ஓரிடத்தில் 13தான் இருந்தது. 15 என்று எழுதச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்து அந்த வழியாகப் போனபோது அந்த இடம் பெயர்ந்து கிடந்தது. அந்த அக்காவின் கட்டைவிரலைப் பார்த்த பிறகு அந்த 2 செ.மீ. என்னைத் தூங்க விடவில்லை.

இத்தனைக்கும் அவர் தொழில் தாராளம் காட்டுகிற தொழில் இல்லை. விடியும் முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மொட்டாக வாங்கி வர வேண்டும். வாழை நாரை நனைத்துக் கட்டி முடிப்பதற்குள் பத்து மணி. சாயங்காலம் மலர ஆரம்பித்துவிட்டால் நேரம் முடிந்தது. மறுநாளைக்கு வைத்து விற்கிற சரக்கு இல்லை. மார்கழி, தைப் பனியில் விளைச்சல் விழுந்துவிடும். கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறும். அப்போது மொட்டுகளை இடைவெளி விட்டுக் கட்டினால் விலை ஏறியதே தெரியாது, சரம் நீளமாகத்தான் இருக்கும். இந்த அக்கா நெருக்கித்தான் கட்டுவார். விலையை மட்டும் வெளிப்படையாக ஏற்றிச் சொல்வார். வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் அரை முழம் வாங்கிக்கோ.

பழங்காநத்தம் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரும் இப்படித்தான். "அடி தேஞ்சிருச்சு, தைச்சா ஒங்க காசு வீண்" என்று வந்த வேலையைத் திருப்பி அனுப்பியவர்.

சரி, இவர்களைப் பற்றி உருகி எழுதிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அந்த அக்கா காலையில் 900 ரூபாய் வாங்கி, சாயங்காலம் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கிறார். தினமும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. தண்டல், மீட்டர் வட்டி எல்லாம் அதில் பேர் சொல்லித் தடை செய்யப்பட்டவை. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014இல் தனிச் சட்டமே வந்தது. விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் அவர்கள் உரிமை. 2020இலிருந்து வங்கியில் அவர்களுக்குக் கடன் கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. முதல் தவணை அப்போது 10,000 ரூபாய், 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள். அவருக்கு இதில் எதுவுமே தெரியாது. தெரிந்த நான் மூன்று வருடம் பூ மட்டும் வாங்கிக்கொண்டு போனேன். நமக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்பித் தருவதற்கு நமக்கு என்ன கஷ்டம்? உங்கள் தெருப் பூக்காரரிடம் அட்டை இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.

எங்கள் அக்காவுக்கு இப்போதுதான் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை அவர் அந்தக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் எனக்குப் பூ அளந்தாள். பத்தாம் வகுப்பு, அம்மாவைவிட ஒரு சாண் உயரம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை பிடித்து நாரைக் கிள்ளப் போனாள்.

"கட்டைவிரல் எங்கடி?"

"என் கைதான் நீளமாச்சேம்மா."

"அண்ணனுக்கு என் அளவுதான் பழக்கம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டுக் கிள்ளு."

அவள் அம்மாவின் கையை இழுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.