நம்பிக்கை என்று ஒரே சொல்

"நீ அறிவியலை நம்புகிறாய், நான் கடவுளை நம்புகிறேன். இதில் என்னப்பா வித்தியாசம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சட்டென்று மடக்கிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. எலக்ட்ரானை நான் பார்த்ததில்லை. சூரியன் எவ்வளவு தூரம் என்று அளந்ததில்லை. யாரோ சொன்னார்கள், ஏற்றுக்கொண்டேன்.

நம் மொழியும் கொஞ்சம் குழப்புகிறது. மருந்து கேட்கும் என்பதும் நம்பிக்கை, செத்த பிறகு சொர்க்கம் உண்டு என்பதும் நம்பிக்கை. ஆனால் மருந்து கேட்கவில்லை என்றால் மூன்றாம் நாளே டாக்டரை மாற்றுகிறோமே!

எனக்குப் பிடித்த கதை வல்கன். யுரேனஸ் கோள் கணக்குப்படி ஓடவில்லை. அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்று பிரான்சில் லெ வெரியே என்ற வானியலாளர் கணக்குப் போட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. அப்புறம் புதன் கோளின் பாதையிலும் ஒரு பிசகு தெரிந்தது. மனிதர் அதே வைத்தியத்தைச் செய்தார்: சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள், பெயர் வல்கன். அதைப் பார்த்தேன் என்று சொன்ன ஒரு கிராமத்து டாக்டருக்கு அரசு விருதுகூடக் கிடைத்தது. ஆனால் மற்றவர்கள் தேடியபோது அது நிலையாக அகப்படவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற ஈர்ப்புக் கொள்கை, நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு விகலை) என்ற அந்தப் பிசகை எந்தப் புதுக் கோளும் இல்லாமல் விளக்கிவிட்டது. வல்கன் கதை அதோடு முடிந்தது.

இதில் நான் யோசிப்பது லெ வெரியேவைப் பற்றி. 1877இல் சாகும்வரை அவர் வல்கனை விடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருக்கும் பக்தருக்கும் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் அவர் விடாவிட்டாலும் துறை விட்டுவிட்டது. 'பெரியவர் சொன்னார்' என்பது அங்கே செல்லுபடியாகவில்லை. வித்தியாசம் ஆளிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

சரி, நாத்திகர்களான நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டால் அறிவியல் பார்வை தானாக வந்துவிடாது. விரியும் பிரபஞ்சத்தை 1927இலேயே சொன்ன லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் என்ற அவருடைய எண்ணத்தைக் கடைசிவரை எதிர்த்த பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில் நாத்திகர். 1965இல், பிரபஞ்சத்தின் சூடான தொடக்கத்தின் மிச்சமான விண்வெளிப் பின்புலக் கதிர்வீச்சு கிடைத்தபோது பாதிரியார் பக்கம்தான் தட்டு சாய்ந்தது. இன்னும் மோசமான கதை, நாத்திக அரசு நடத்திய சோவியத்தில் நடந்தது. மரபியலையே மறுத்த லைசென்கோவின் போலி வேளாண் அறிவியலுக்கு ஸ்டாலின் துணை நிற்க, அதை எதிர்த்த மரபியலாளர் வாவிலோவ் 1943இல் சிறையிலேயே இறந்தார். அங்கே சாமி இல்லை, ஆனால் கேள்வி கேட்கவும் வழி இல்லை.

பேச்சின் முடிவில் நண்பரிடம் கேட்டேன்: "எது நடந்தால் கடவுள் இல்லை என்று ஒத்துக்கொள்வாய்?" "எதுவும் இல்லை" என்றார். மறைக்காமல் சொன்னார், அதுவரை நல்லது. உடனே என்னைத் திருப்பிக் கேட்டார்.

2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னேன். பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரில் ஒரு பகுதியினருக்காக முன்பின் தெரியாதவர்கள் பிரார்த்தித்தார்கள். சிக்கல்கள் குறையவில்லை. "குறைந்திருந்தால் என் எண்ணத்தை மறுபடி யோசித்திருப்பேன்" என்றேன்.

"நிஜமாகவா?" என்றார் நண்பர்.

நிஜமாகவா? முதலில் ஆய்வில் எங்கே ஓட்டை என்றுதான் தேடியிருப்பேன். அதில் தப்பில்லை, யாரும் அப்படித்தான் தேட வேண்டும். வேறு ஆட்கள் மறுபடி செய்தும் அதே முடிவு வந்திருந்தால்? மாறியிருப்பேன் என்றே நினைக்கிறேன். நண்பரிடம் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.