பேட்டரி புதுசு, தலைவலியும் புதுசு

உறைபனிக் காலத்தில் ஊட்டியில் பழைய பேட்டரி படுத்துவிடும், தெரிந்த கதைதான். குளிரில் அதன் சக்தி குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும். சரி என்று ஜீப்புக்குப் புதுசு மாட்டினேன். செல்ஃப் உடனே எடுத்தது. சந்தோஷம் அதோடு சரி. ரேடியோ ரகசிய எண் கேட்கிறது, தானாக ஏறி இறங்கும் ஜன்னல் கண்ணாடி பாதியில் நிற்கிறது, வண்டி நிற்கும்போது எஞ்சின் வேகம் (ஐடிலிங்) ஏறி இறங்குகிறது. பழைய பேட்டரியைக் கழற்றியதில் வண்டியின் கம்ப்யூட்டர் கற்றதையெல்லாம் மறந்துவிட்டதாம்! வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி அமைப்பின் எச்சரிக்கை விளக்கு வேறு எரிகிறது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பச் சொன்னார் மெக்கானிக். திருப்பினேன், அணையவில்லை. கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைக்கக் கோயம்புத்தூர் போகணுமாம். அந்தக் கால டீசல் ஜீப்பில் ரெண்டு கம்பியை மாட்டினால் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவும் ஏறிவிடும். இதில் விளக்கு எரிய எரியக் கோயம்புத்தூருக்குக் குன்னூர் மலைப்பாதையில் இறங்க வீட்டில் ஒப்பவே மாட்டேன் என்கிறார்கள்.